ஊசி நின்ற பிறகு: திருகோணமலையில் ஒரு செருபிசம் பிள்ளை

முதலில் என் பிழையை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் எழுத மனம் வராது. 2019 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, திருகோணமலையில் நான் வேலை செய்யும் பல் கிளினிக்குக்கு ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியைத் தாய் கூட்டிவந்தார். வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பால்பல் ஆடுகிறது, கன்னம் வீங்கியிருக்கிறது. வெளியே வாங்கில் அறுபது பேர் இருந்தார்கள். பல்லில் சீழ் வைத்திருக்கிறது என்று நினைத்து அமொக்சிசிலினும் பனடோலும் எழுதி, ஒரு வாரத்தில் வரச் சொன்னேன். வலக்கன்னத்தை மட்டும்தான் தொட்டுப் பார்த்தேன். என் குறிப்பை இப்போது எடுத்துப் பார்த்தால் சொத்தை என்று எங்கும் எழுதவில்லை. சொத்தையே இல்லாத பல் ஏன் ஆடுகிறது என்ற கேள்வி அன்று எனக்கு வரவில்லை.

ஒரு வாரத்தில் அவர்கள் வரவில்லை. வீக்கம் வற்றாததால் உறவினர் ஒருவர் சொல்லி, வேறு மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே கட்டியைச் சுரண்டி எடுத்து, இரண்டு பால்பற்களையும் கழற்றி, துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ‘இராட்சதக் கலக் கட்டி, புற்றுநோய் இல்லை’ என்று இருந்தது. எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் கட்டி திரும்ப முளைத்தது.

2020 பெப்ரவரியில் அவர்கள் மீண்டும் என்னிடம் வந்தபோது கையில் ஒரு துண்டு இருந்தது. பிள்ளையின் பாடசாலைக்குப் போகும் பல் சிகிச்சையாளர் எழுதியது. ‘இரண்டு பக்கமும் வீக்கம் உள்ளது. தயவுசெய்து இரண்டு பக்கமும் பார்க்கவும்.’ இரண்டு தடவையும் ‘இரண்டு’ என்ற சொல்லின் கீழ் கோடு போட்டிருந்தார். அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

(அடையாளம் தெரியாமல் இருக்கக் குடும்பத்தின் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் எங்கள் முடிவுகளையும் மாற்றவில்லை.)

பார்த்ததும் கேட்டதும்

இந்தத் தடவை பிள்ளையைக் கதிரையில் நேராக இருத்தி, பின்னால் நின்று இரண்டு கையாலும் தாடைக் கோணங்களைத் தடவினேன். இரண்டு பக்கமும் கல் மாதிரி, வலியில்லாத தடிப்பு. இடது சற்றுச் சிறிது, அவ்வளவுதான். தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. பாடசாலையில் பிள்ளைகள் அவளைப் ‘பணிஸ்’ என்று கூப்பிடுகிறார்களாம். சொல்லும்போது தாய்க்குத்தான் கண் கலங்கியது. அவள் கதிரையின் மிதியைக் காலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

முழுத் தாடை எக்ஸ்ரேயில் கீழ்த்தாடையின் இரு கோணங்களும் சவர்க்கார நுரை போல அறை அறையாக வெறுமையாய் இருந்தன. முளைக்க வேண்டிய பற்கள் பிடிமானம் இல்லாமல் அந்த நுரைக்குள் மிதந்தன. மூட்டுத் தலைகள் இரண்டும் தப்பியிருந்தன. இந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஆனால் படத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்கக்கூடாது. இராட்சதக் கலங்கள் நிறைந்த தாடைக் கட்டி பல வாசல் வழியாக வரும். இரத்தக் கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் பரதைரோயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்தால் வரும் ‘பழுப்புக் கட்டி’யும் நுண்ணோக்கியில் இதே முகம்தான் காட்டும். நூனன் என்ற பிறவி நோய்க்கூட்டம் உள்ள பிள்ளைகளுக்கும் வரும், நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ளவர்களுக்கும் வரும். எந்தக் குடும்பப் பின்னணியும் இல்லாமல் ஒற்றைப் பக்கத்திலும் வரும். கண்ணாடித் தகட்டில் எல்லாம் ஒன்று. அதனால் ‘இராட்சதக் கலக் கட்டி’ என்ற ரிப்போர்ட்டோடு விசாரணை முடிந்துவிடாது, அங்கேதான் தொடங்குகிறது. முதல் சத்திரசிகிச்சைக்கு முன் யாரும் இரத்தத்தில் கல்சியம் பார்க்கவில்லை. நான் எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை, ஆகவே அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

கல்சியம் 2.41 மில்லிமோல், பொஸ்பேட் வயதுக்குச் சரி, பரதைரோயிட் ஹோர்மோன் சரி. பழுப்புக் கட்டி இல்லை. உயரம் சராசரி, கழுத்தில் மடிப்பு இல்லை, இதய ஸ்கானில் நுரையீரல் வால்வு நன்றாக இருந்தது. நூனனை முற்றாக ஒதுக்க அது போதாது என்றாலும் பின்னுக்குத் தள்ளலாம். நியூரோஃபைப்ரோமடோசிஸின் அடையாளமான பால்தேநீர் நிறப் படைகள் தோலில் இல்லை. பழைய தகடுகளை வரவழைத்துப் பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்கு அனுப்பினோம். சிறு குருதிக்குழாய்களைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையமாகக் கொலாஜன் படிந்திருப்பதாகப் பதில் வந்தது. அது எப்போதும் இருக்காது, இருந்தால் செருபிசத்தை, பிள்ளைகளின் தாடை இரண்டு பக்கமும் ஊதும் பரம்பரை நோயை, நினைக்க வேண்டும்.

இவ்வளவும் நாங்கள் சுற்றிச் சுற்றித் தேடியது. விடை தாயின் வாயிலேயே இருந்தது. மூன்றாவது கிளினிக்கில், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நான் விளங்கப்படுத்திக்கொண்டிருக்கும்போது, “எண்ட முகம்தான் டொக்டர் இவளுக்கும். சின்னனில நானும் இப்பிடித்தான் குண்டுக் கன்னமாம். பிறகு தானாப் போயிற்று” என்றார். போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். குடும்பம் சம்பூரைச் சேர்ந்தது. 2006 இடப்பெயர்வில் வீட்டு அல்பம் முழுவதும் போய்விட்டது. உப்புவெளியில் இருக்கும் பெரியம்மா வீட்டில் ஒரு கலியாணப் படம் இருக்கலாம் என்றார்.

அடுத்த முறை அதைக் கொண்டுவந்தார்கள். மணமக்களுக்குப் பக்கத்தில் பட்டுப்பாவாடையோடு எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை. கன்னங்கள் தாடைக்கோணத்தில் அகன்று, முகம் சதுரமாக இருந்தது. தாய்க்கு இப்போது முப்பது வயது, ஒடுங்கிய, வடிவான முகம். அவருக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்தோம். கீழே இரண்டாம் கடைவாய்ப்பல்லும் ஞானப்பல்லும் இரண்டு பக்கமும் இல்லை. யாரும் கழற்றவில்லை, முளைக்கவே இல்லை. எலும்பு நிரம்பியிருந்தாலும் அதன் இழை கொஞ்சம் மங்கல். நோய் வந்து, தன் வேலையைச் செய்துவிட்டு, ஆள் அறியாமல் போயிருக்கிறது.

செருபிசம் என்ற பெயர்

கனடாவைச் சேர்ந்த ஜோன்ஸ் என்ற மருத்துவர் 1933 இல் ஒரே குடும்பத்துச் சகோதரர் மூவரில் இதை விவரித்தார். மேற்கத்திய தேவாலய ஓவியங்களில் வானத்தைப் பார்த்தபடி இருக்கும் ‘செருப்’ என்ற குண்டுக் கன்னச் சிறு தேவதூதர்களை வைத்துப் பெயர் வந்தது. மேல்தாடை ஊதும்போது கண்குழியின் அடித்தளம் மேலே தள்ளப்படும். கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும். பார்வை மேலே போவது போல இருக்கும். எங்கள் பிள்ளையின் அம்மம்மா அந்த ஓவியங்களைப் பார்த்தவரல்ல. “நேர்த்தி வைக்கிற மாதிரி அண்ணாந்து பாக்கிறாள்” என்று அவர் சொன்னது எனக்கு ஜோன்ஸின் பெயரை விடப் பொருத்தமாகப் படுகிறது.

இது ஆதிக்கப் பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலான குடும்பங்களில் காரணம் 4 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள எஸ்.எச்.3.பி.பி.2 என்ற ஜீனின் விகாரம். 2001 இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஜீன் உண்டாக்கும் புரதத்தில் ஆறே ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டில்தான் கிட்டத்தட்ட எல்லா விகாரமும் விழுகின்றன. அந்தத் துண்டு ‘என்னை அழிக்கலாம்’ என்று எழுதிய சீட்டு மாதிரி. சீட்டுக் கிழிந்தால் புரதம் அழியாமல் குவியும். குவிந்தால் எலும்பை அரிக்கும் ஒஸ்டியோகிளாஸ்ட் கலங்களின் முன்னோடிகள் சின்னத் தூண்டுதலுக்கும் பெரிதாகக் கிளம்பும்.

வழக்கமாக இரண்டு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் வெளித்தெரியும், பருவமடையும் வரை வளரும், அதன்பின் மெல்ல வற்றும். தாய்க்கு நடந்தது அதுதான். ஆகவே பாடநூல் சொல்வது: பொறுத்திரு, பற்களைக் கவனி, முகத்தைப் பருவமடைந்த பின் சீர்செய். நாங்களும் அதையே முடிவு செய்தோம். மூன்று மாதத்தில் வரச் சொன்னோம். 2020 மார்ச் 20 இல் நாடு முழுவதும் ஊரடங்கு.

பொறுத்திருக்க முடியாமல் போனது

ஜூலையில் அவளைப் பார்த்தபோது நான் முதலில் பார்த்தது கண்ணை. வலக்கண் இடதை விட உயரத்தில் இருந்தது. மேல்தாடையும் சேர்ந்து ஊதி, அண்ணம் கீழே இறங்கி நாக்கை அழுத்தியது. வாயால்தான் மூச்சு. ரொட்டி கடிக்க முடியாமல் கஞ்சியிலும் பாலிலும் காலம் போயிருக்கிறது. ஆறு வயதில் 17 கிலோ. இரவில் குறட்டை, நடுவில் மூச்சு நிற்கிறது, தகப்பன் எழும்பியிருந்து உலுக்கிவிடுகிறார். ஒரு இரவு வாட்டில் வைத்துப் பார்த்தோம். தூக்கத்தில் ஒக்சிசன் 86 வரை இறங்கியது.

ஸ்கானில் வல மேல்தாடைக் கட்டி 5.4 சென்டிமீற்றர். புறணி எலும்பு மூன்று இடத்தில் துளைபட்டிருந்தது, நாசிக்குழி வலப்பக்கம் அடைபட்டிருந்தது. சுரண்டிய இடத்தில் கட்டி முன்பை விடப் பெரிதாகத் திரும்பியிருந்தது. தாடையின் இராட்சதக் கலக் கட்டிகளில் 5 சென்டிமீற்றரைத் தாண்டியது, சுரண்டிய பின் திரும்பியது, வேகமாக வளர்ந்து புறணியைத் துளைத்தது ஆகியவற்றைத்தான் மூர்க்கமான வகை என்கிறோம். இவளுக்கு எல்லாமே இருந்தன. தாய்க்குத் தானாகப் போன அதே நோய். செப்டெம்பரில் ஜீன் சோதனை முடிவு வந்தது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே விகாரம், புரதத்தின் 418 ஆம் இடத்தில், எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஜீன் நோயின் பெயரைச் சொல்லிற்று. எவ்வளவு மூர்க்கமாகப் போகும் என்பதைச் சொல்லவில்லை.

என்ன செய்வது என்று இணையவழியில் நான்கு பேர் கதைத்தோம். தாடை முக சேர்ஜன், கொழும்பிலிருந்து பிள்ளைகளுக்கான அகஞ்சுரப்பு நிபுணர், மயக்க மருந்து நிபுணர், நான். நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெட்டலாமா? வளரும் நிலையில் வெட்டினால் இரத்தம் அதிகம் போகும், நிரந்தரப் பல் முளைகள் அழியும், திரும்ப வளரும். ஏற்கெனவே ஒருமுறை பார்த்தாயிற்று. கதிர்வீச்சைப் பற்றிப் பேச்சே இல்லை. பிள்ளையின் தாடை வளர்ச்சி நின்றுவிடும், பல ஆண்டு கழித்து அதே இடத்தில் சார்கோமா என்ற புற்றுநோய் வரக்கூடும். கல்சிடோனின், கட்டிக்குள் ஸ்டீரோயிட் ஊசி இரண்டும் ஒற்றைக் கட்டிகளில் கொஞ்சம் பலன் தந்திருக்கின்றன. நான்கு மூலையிலும் கட்டி உள்ளவளுக்கு எத்தனை இடத்தில் குத்துவது? டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் எலியில் நம்பிக்கை தந்தன, பிள்ளைகளில் கைவிட்டன.

மிஞ்சியவை இரண்டு. இமாடினிப், இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் குளிசை. செருபிசத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளுக்குக் கொடுத்து கட்டி சுருங்கியதாக எழுதியிருக்கிறார்கள். உயரம் வளர்வதைத் தாமதப்படுத்தும் என்பது தெரிந்த விஷயம். மற்றது டெனோசுமாப். ஒஸ்டியோகிளாஸ்ட் உருவாக வேண்டுமென்றால் றாங்க்-எல் என்ற சமிக்ஞைப் புரதம் வேண்டும். டெனோசுமாப் அதைப் பிடித்துக் கட்டிவைக்கும் எதிர்ப்புரதம். எலும்புத் தேய்வுக்கு 2010 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எலும்பின் இராட்சதக் கலக் கட்டிக்கு 2013 இல், அதுவும் பெரியவர்களுக்கும் எலும்பு வளர்ச்சி முடிந்த இளையோருக்கும் மட்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு எங்கும் அனுமதி இல்லை. தனித்தனி நோயாளர் அறிக்கைகளை நம்பித்தான் கொடுக்க வேண்டும்.

மூச்சு அடைபடுகிறது, வேகமாக வேலை செய்யும் மருந்து வேண்டும். டெனோசுமாப் என்று முடிவாயிற்று. இன்று அதே பிள்ளை அதே நிலையில் வந்தால் நான் இமாடினிப்புக்காக வாதாடுவேன். ஏனென்று பிறகு விளங்கும்.

ஐஸ்பெட்டி

மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. 60 மில்லிகிராம் நிரப்பிய ஊசிக்குழலாகக் கொழும்பில் வாங்க வேண்டும். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று நிபுணர் கணக்கிட்டார். 17 கிலோப் பிள்ளைக்கு 0.28 மில்லிலீற்றர். மிச்சத்தைக் கொட்ட வேண்டும். லண்டனில் இருக்கும் பெரியப்பா காசு அனுப்புகிறார், அதில் முக்கால்வாசி குப்பைக்குப் போகிறது என்று நான் சொன்னபோது தகப்பன் ஒன்றும் பேசவில்லை. அவர் கடற்றொழிலாளி. ஊசியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அளவுக் கோட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

இரவு பஸ்ஸில் மருந்தைக் கொண்டுவரும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். எங்கள் தாதி ஐஸ்பெட்டி பற்றி விளங்கப்படுத்தத் தொடங்கினார். அவர் சிரித்துவிட்டார். “மிஸ், நான் இருவது வருசமா மீனுக்கு ஐஸ் போடுறன். ஐசில நேர வச்சா மருந்து செத்திரும், தெரியும்.” ரெஜிபோம் பெட்டியின் அடியில் ஐஸ், அதன்மேல் மடித்த சாக்கு, அதன்மேல் துவாயில் சுற்றிய மருந்து, நடுவில் ஒரு வெப்பமானி. பெட்டியைத் திறந்தபோது வெப்பமானி 5 காட்டியது. பதினாறு மாதத்தில் ஒரு தடவைகூட 8 ஐத் தாண்டவில்லை.

முதல் ஊசிக்கு முன் ஆடிக்கொண்டிருந்த, தொற்று வரக்கூடிய பற்களைக் கழற்றினோம். டெனோசுமாப் போட்ட தாடையில் பிறகு பல் கழற்றினால் எலும்பு செத்துப்போகும் ஆபத்து உண்டு. விற்றமின் டி பார்த்தோம், குறைவு. எலும்பு அரிப்பு திடீரென நிற்கும்போது இரத்தத்தில் கல்சியம் இறங்கும் என்பதால் கல்சியக் குளிசையும் விற்றமின் டியும் தொடங்கினோம். கிளினிக் கொப்பியில் நான் எழுதினேன்: ‘தொடர்ந்து கொடுக்கவும்.’ இந்த வரியை நினைவில் வையுங்கள்.

2020 ஒக்ரோபரில் முதல் ஊசி. ஏழாம் நாள் கல்சியம் 1.98, விரல் நுனியில் கொஞ்சம் கூச்சம், குளிசை கூட்டியதும் சரி. பிறகு நான்கு வாரத்துக்கு ஒன்று. மூன்றாவது ஊசிக்குப் பிறகு தகப்பன் வந்து சொன்னதுதான் எனக்கு முதல் பலன்: “இப்ப நான் நித்திரை கொள்ளுறன் டொக்டர்.” ஆறாம் மாத ஸ்கானில் நுரைக் குழிகளின் ஓரத்திலிருந்து உள்ளே சுண்ணாம்பு ஏறியிருந்தது. நாசிக்குழி திறந்திருந்தது. கண் இறங்கவில்லை, ஆனால் மேலும் ஏறவும் இல்லை. முட்டி எக்ஸ்ரேயில் வளர்தட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடுகள், ஊசிக்கு ஒன்றாக. மர வளையம் எண்ணுவது போல எண்ணலாம். பல் முளைப்பதும் மந்தப்பட்டது, எதிர்பார்த்ததுதான். எடை 20 கிலோவைத் தாண்டியது. ரொட்டி கடித்தாள்.

எப்போது நிறுத்துவது என்று 2021 கடைசியில் கதைக்கத் தொடங்கினோம். ஊசி இடைவெளியை மெல்லக் கூட்டி, கடைசி ஊசிக்குப் பிறகு எலும்பு அரிப்பை அடக்கும் சொலெட்ரோனிக் அமிலம் ஒன்று கொடுத்து இறக்கலாம் என்று ஒரு திட்டம் வாயளவில் இருந்தது. எழுதவில்லை.

2022

பெப்ரவரி கடைசியில் போட்டது கடைசி ஊசியாகிவிட்டது. அது கடைசி என்று யாருக்கும் தெரியாது. பொருளாதார நெருக்கடியில் மார்ச்சில் கொழும்பில் மருந்து இல்லை. மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் கரண்ட் வெட்டு. எந்தக் குளிரூட்டியை நம்பி வாங்கிவைப்பது? ஏப்ரலில் மருந்து இருந்தது, ஆனால் டொலர் ஏறி விலை இரண்டு மடங்கு. மே மாதம் படகுக்கு மண்ணெண்ணெய் இல்லை, தொழில் இல்லை. கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வர பஸ்ஸும் இல்லை, ஓட்டோவுக்குப் பெற்றோலும் இல்லை. தொலைபேசியில் கதைத்தேன். “முகம் நல்லா இருக்கு டொக்டர், வீக்கம் இல்ல” என்றார் தாய். சரி, கொஞ்சம் பொறுப்போம் என்றேன். முகத்தைப் பற்றி மட்டும் கேட்டேன்.

டெனோசுமாப் எலும்பில் தங்கும் மருந்து அல்ல. அது இரத்தத்தில் இருக்கும்வரை ஒஸ்டியோகிளாஸ்ட்டுகள் உருவாகாது, ஆனால் அவற்றின் முன்னோடிகள் சாகாமல் வரிசையில் நிற்கும். மருந்து வற்றியதும் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். கந்தளாய்க் குளக்கட்டு 1986 இல் உடைந்ததை நினைவில் வைத்திருக்கும் எங்கள் பகுதி ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம்: தேங்கியது தேங்கினபடி இருக்காது. பெரியவர்களில் இது முதுகெலும்பு முறிவாக வெளிப்படலாம். பிள்ளைகளின் எலும்பு பல மடங்கு வேகமாக அழிந்து புதுப்பிக்கப்படுவதால், அரிபட்ட எலும்பின் கல்சியம் அப்படியே இரத்தத்துக்குள் கொட்டும். கடைசி ஊசிக்குச் சில மாதங்கள் கழித்து வரும், எல்லோரும் மறந்திருக்கும் நேரத்தில்.

ஜூலை முதல் வாரம். பிள்ளைக்கு ஒரு கிழமையாக வாந்தி, மலம் போகவில்லை, கால் நோகிறது என்று அழுகிறாள். எட்டு வயதில் படுக்கையில் சிறுநீர் போகிறது. வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறாள். முதலில் காட்டிய இடத்தில் இரைப்பை அழற்சி என்று மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் முறை டெங்கு பார்த்தார்கள், இல்லை. வாந்தியும் வயிற்று நோவும் வந்த பிள்ளையில் யாருக்குத் தாடை ஞாபகம் வரும்? அயலவர் சேர்த்து வைத்திருந்த இரண்டு லீற்றர் பெற்றோலில் ஒரு மோட்டார் சைக்கிள், நடுவில் பிள்ளை, பின்னால் தாய். வாட்டுக்கு வந்தபோது நாக்கு காய்ந்து, கேட்டதற்கு அரை நித்திரையில் பதில் சொன்னாள்.

கல்சியம் 3.74. கிரியற்றினின் 92, அந்த வயதுக்கு இரு மடங்குக்குக் கிட்ட. இதயப் படத்தில் கியூ.ரி. இடைவெளி சுருங்கியிருந்தது, கல்சியம் ஏறியதன் அடையாளம். பரதைரோயிட் ஹோர்மோன் அடிமட்டத்தில், அதாவது கல்சியம் சுரப்பியால் ஏறவில்லை.

தாயின் பையில் கிளினிக் கொப்பியும் குளிசைப் போத்தலும் இருந்தன. கல்சியம், விற்றமின் டி. ஊசி நின்ற நான்கு மாதமும் ஒரு நாள் விடாமல் கொடுத்திருக்கிறார். கடைகளில் தட்டுப்பாடு வந்தபோது மூன்று பார்மசி ஏறி இறங்கி வாங்கியிருக்கிறார். ஏனென்றால் கொப்பியில் நான் ‘தொடர்ந்து கொடுக்கவும்’ என்று எழுதியிருக்கிறேன். எதுவரை என்று எழுதவில்லை. ஊசி இறக்கும் கல்சியத்தைத் தாங்கிப் பிடிக்கக் கொடுத்த குளிசை, ஊசி நின்றதும் எரிகிற நெருப்பில் எண்ணெயாயிற்று. தாய் சொன்ன சொல்லைக் காத்தார். அந்தச் சொல் பிழையாக இருந்தது.

குளிசை இரண்டையும் அன்றே நிறுத்தினோம். சேலைன் ஏற்றினோம். சிறுநீர் நன்றாகப் போகத் தொடங்கிய பின், சிறுநீரகத்துக்குப் பயந்து பயந்து, குறைந்த அளவில் ஒரு சொலெட்ரோனிக் அமிலம். அது ஏறிய இரவில் காய்ச்சல் வந்தது, எதிர்பார்த்தது. 3.74, 3.41, 3.02, 2.70, ஆறாம் நாள் 2.55. ஆறாம் நாள் காலை பால்தேத்தண்ணி கேட்டாள். ஆறு கிழமை கழித்து எந்த அறிகுறியும் இல்லாமல் மறுபடி 2.95. இரண்டாவது சொலெட்ரோனிக். அதன்பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்று ஆறு மாதம் இரத்தம் பார்த்தோம். சிறுநீரக ஸ்கானில் மெல்லிய சுண்ணாம்புப் படிவின் சாயல் இருந்தது. ஒரு வருடம் கழித்து அது கூடவில்லை.

இந்த விளைவு நாங்கள் அறியாதது அல்ல. எலும்பின் இடத்தில் நார்த்திசு வளரும் நோய் உள்ள ஒன்பது வயதுச் சிறுவனுக்கு டெனோசுமாப் கொடுத்து, நிறுத்தியதும் கல்சியம் கடுமையாக ஏறியதாக 2012 இலேயே அமெரிக்காவில் எழுதியிருக்கிறார்கள். நான்கு பேரும் வாசித்திருந்தோம். எங்கள் திட்டத்தில் ‘நாங்கள் நிறுத்தும்போது’ என்ன செய்வது என்று இருந்தது. ‘தானாக நின்றுபோனால்’ என்ன செய்வது என்று இல்லை. கப்பலும் டொலரும் மண்ணெண்ணெயும் மருந்துச்சீட்டு எழுதும் ஊரில் இரண்டாவதைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும். இமாடினிப்பை நான் இப்போது விரும்புவதற்கும் காரணம் இதுதான். அதற்கு ஐஸ்பெட்டி வேண்டாம், அது திடீரென நின்றால் கட்டி திரும்பக்கூடும், ஆனால் சிறுநீரகம் கல்லாகாது. சேர்ஜன் இதை ஏற்கவில்லை. அன்றைய மூச்சுக்கு டெனோசுமாப்தான் சரி என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

இப்போது இந்த மருந்து தொடங்கும் எந்தப் பிள்ளையின் கொப்பியிலும் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் மூன்று மொழியிலும் எழுதுகிறோம்: ஊசி ஒரு முறை தவறினாலும் அழைக்கவும். ஊசி நின்றால் கல்சியக் குளிசையைத் தொடர்வதா என்று எங்களைக் கேட்கவும். வாந்தி, மலச்சிக்கல், அதிக தாகம், கால்நோவு இருந்தால் அன்றே இரத்தத்தில் கல்சியம் பார்க்கவும். யார் முதலில் பார்த்தாலும் அந்தப் பக்கம் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அட்டையிலும் ஒட்டுகிறோம்.

பிறகு

டெனோசுமாப்பை மறுபடி தொடங்கவில்லை. 2023 தொடக்கத்து ஸ்கானில் வல மேல்தாடையில் கட்டி கொஞ்சம் திரும்பியிருந்தது, பழைய அளவில் பாதிக்கும் குறைவு. கீழ்த்தாடை அமைதியாக இருந்தது. நாசிப்பக்கம் துருத்திய பகுதியை ஓகஸ்டில் கொழும்பில் செதுக்கி எடுத்தார்கள். முன்பு நுரையாக இருந்த இடம் இப்போது மணல் கலந்த சீமெந்து போல இருந்ததாம், இரத்தம் அதிகம் போகவில்லை. வலக்கண் இன்னும் ஒரு நூல் உயரம்தான். அதைப் பருவமடைந்த பின் பார்க்கலாம். நிரந்தரப் பற்களில் ஐந்து இனி வராது. கழற்றிப் போடும் பல் செட் ஒன்று செய்து கொடுத்தோம், வளர வளர மாற்ற வேண்டும். பாடசாலையில் ‘பணிஸ்’ நின்றுவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம், ஆனால் இப்போது அவள் திருப்பிப் பட்டம் வைக்கிறாளாம்.

2024 இல் தம்பிக்கு மூன்று வயதானபோது தாய் அவனையும் கூட்டிவந்தார். ஜீன் சோதனை செய்யலாமா என்று முன்பு கேட்டபோது அவர் வேண்டாம் என்றிருந்தார். இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போது செய்ய ஒன்றுமில்லையே என்றார், அது சரியான பேச்சு. எக்ஸ்ரே எடுக்கவில்லை. அக்கா கதிரையில் ஏறி வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் அவன் ஏறினான். பின்னால் நின்று இரண்டு கையாலும் தாடைக் கோணங்களைத் தடவினேன். இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கம் கொஞ்சம் தடிப்பு என்று எனக்குப் பட்டது. சேர்ஜன் தடவிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். மறுபடி நான் தடவினேன். அம்மம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு மாதத்தில் வரச் சொல்லி, திகதியையும், ‘இரண்டு பக்கமும் பார்க்கவும்’ என்றும் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.